மில்வாக்கி, 1993: ஒரே தண்ணீர், பல உடல்கள்

1993 ஏப்ரல் முதல் வாரத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் மில்வாக்கி நகரத்தின் மருந்துக் கடைகளில் பேதியை நிறுத்தும் மாத்திரை தீர்ந்துபோனது. பள்ளிகளுக்கு மாணவர்கள் வரவில்லை, பாடம் நடத்த வேண்டிய ஆசிரியர்களும் வரவில்லை. மருத்துவமனைகளில் நோயாளிகள் கூடக் கூட ஊழியர்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஏப்ரல் 5ஆம் தேதி, திங்கட்கிழமை, நகரச் சுகாதாரத் துறை விஸ்கான்சின் மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொன்னது: ஊர் முழுக்க வயிற்றுக் கோளாறு, காரணம் தெரியவில்லை.

காரணம் தெரியாததில் வியப்பில்லை. வழக்கமான மலப் பரிசோதனையில் பாக்டீரியா வளர்க்கப்படும். முட்டையும் ஒட்டுண்ணியும் தேடப்படும். அந்தத் தேடலில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒரு செல் குடல் ஒட்டுண்ணி அகப்படாது. மருத்துவர் அதன் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் ஆய்வகம் அதற்கான சாயத்தை எடுக்கும். காசநோய்க் கிருமியைக் காண உதவும் அமிலத்தாங்குச் சாயத்தைச் சற்று மாற்றிப் பூசினால், பச்சை அல்லது நீலப் பின்னணியில் சிவந்த உருண்டைகளாக அது தெரியும். ஈஸ்ட் செல்லும் ஏறக்குறைய அதே அளவுதான்; ஆனால் அது இந்தச் சிவப்பைப் பிடித்துவைத்துக்கொள்வதில்லை. ஏப்ரல் 7ஆம் தேதி இரண்டு ஆய்வகங்கள் பெரியவர்கள் ஏழு பேரின் மலத்தில் அந்தச் சிவப்பு உருண்டைகளைக் கண்டன. அன்று மாலையே, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று மேயர் ஜான் நார்க்விஸ்ட் அறிவித்தார். ஏப்ரல் 9ஆம் தேதி நகரின் தெற்குச் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டது.

அந்த உயிரி புதிதல்ல. எர்னஸ்ட் டைசர் 1907ஆம் ஆண்டிலேயே எலியின் இரைப்பைச் சுரப்பிகளில் அதைப் பார்த்து எழுதிவைத்துவிட்டார். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு அது கால்நடை மருத்துவர்களின் விஷயமாகவே இருந்தது. மனிதனிடம் கண்டதாக முதல் அறிக்கைகள் வந்தது 1976இல். 1982 முதல் எய்ட்ஸ் நோயாளிகளிடம் தீராத பேதிக்குக் காரணமாக அது திரும்பத் திரும்பத் தட்டுப்பட்டது. 1987இல் ஜார்ஜியா மாநிலத்தின் கேரல்டன் ஊரில் குழாய்த் தண்ணீர் வழியாகவே சுமார் 13,000 பேரைப் படுக்கவைத்தது. அந்தத் தண்ணீரும் விதிகளின்படி 'நல்ல' தண்ணீர்தான். மில்வாக்கி நிகழ்வைத் திடீர் விபத்தாகச் சொல்பவர்கள் கேரல்டனைப் படிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

தண்ணீரில் நடந்தது

மில்வாக்கிக்கு வடக்கில் ஒன்றும் தெற்கில் ஒன்றுமாக இரண்டு சுத்திகரிப்பு நிலையங்கள். இரண்டும் ஏரியிலிருந்தே நீர் எடுத்தன. தெற்கு நிலையத்தில் மார்ச் 21 வாக்கில் தொடங்கி, சுத்திகரித்து வெளியே விடும் தண்ணீரின் கலங்கல் ஏறத் தொடங்கியது. மார்ச் 28லும் 30லும் அது 1.7 கலங்கல் அலகைத் தொட்டது. கண்ணுக்குத் தண்ணீர் அப்போதும் தெளிவாகவே இருந்திருக்கும். ஆனால் மணல் வடிகட்டி எவ்வளவை நழுவ விடுகிறது என்பதற்கு இந்த எண்தான் கண்ணாடி. நுண்துகள் தப்பினால் அதே அளவுள்ள ஒட்டுண்ணியும் தப்பும்.

வடிகட்டிக்கு முன்னால் ஒரு படி உண்டு. உறைபொருளைக் கலந்து நுண்துகள்களைத் திரளவைத்துப் படியவைக்க வேண்டும். குழாய்களிலிருந்து ஈயமும் செம்பும் கரைந்து வருவதைக் குறைக்க, படிகாரத்துக்குப் பதிலாகப் பாலி அலுமினியம் குளோரைடுக்கு அந்த நிலையம் மாறியிருந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் வசந்தகாலத்தின் குளிர்ந்த, கலங்கிய நீருக்கு அந்தப் புதுப் பொருளை எவ்வளவு போட வேண்டும் என்பதில் கைப்பழக்கம் போதவில்லை. அளவைச் சரிபார்க்க உதவும் மின்னோட்டக் கண்காணிப்புக் கருவி தவறாகப் பொருத்தப்பட்டுப் பயனின்றிக் கிடந்தது. கலங்கலைத் தொடர்ந்து அளக்கும் கருவிகளும் இயக்கத்தில் இல்லை. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். போதாக்குறைக்கு, வடிகட்டிகளைக் கழுவிய நீரும் திரும்பவும் தொடக்கத்துக்கே அனுப்பப்பட்டது. வடிகட்டியில் சிக்கிய ஒட்டுண்ணிக்கு அது இன்னொரு வாய்ப்பு.

இத்தனைக்கும் அந்த இரண்டு மாதங்களில் எடுத்த மாதிரிகளில் கோலிஃபார்ம் பாக்டீரியா இல்லை. மாநிலம் வகுத்திருந்த தர வரம்புகள் எதுவும் மீறப்படவில்லை. மலக் கலப்புக்குக் கோலிஃபார்மை அடையாளமாக வைத்துக்கொள்வதில் இருக்கும் ஓட்டை இதுதான்: குளோரின் அந்தப் பாக்டீரியாவை எளிதில் கொன்றுவிடும், கிரிப்டோஸ்போரிடியத்தை ஒன்றும் செய்யாது. சாட்சி செத்துவிட்டதால் குற்றமே நடக்கவில்லை என்று தீர்ப்பு எழுதியாயிற்று.

பிறகு தண்ணீரைச் சோதிக்க நினைத்தபோது பழைய தண்ணீர் எங்கே கிடைக்கும்? அதுதான் ஓடிப்போய்விட்டதே. நகரின் தெற்கே ஒரு நிறுவனம் மார்ச் 25இலும் ஏப்ரல் 9இலும் உறையவைத்த பனிக்கட்டிப் பாளங்களை வைத்திருந்தது. அவற்றை உருக்கி வடிகட்டியபோது ஒட்டுண்ணி கிடைத்தது. மார்ச் 25ஆம் தேதிப் பாளத்தில் ஒரு முறைப்படி எண்ணியதில் 100 லிட்டருக்கு 13 என்ற கணக்கு வந்தது. ஏழு லிட்டருக்கு ஒன்று கூட முழுசாக இல்லையே, இவ்வளவுக்கா ஊரே படுத்தது என்று கேட்கத் தோன்றும். உறைந்து உருகும்போது உடைந்து காணாமல் போனவை, வடிகட்டியில் ஒட்டி எண்ணிக்கைக்கு வராமல் போனவை எல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. உண்மையான அளவு அதைவிட மிக அதிகமாகவே இருந்திருக்க வேண்டும்.

உறைக்குள் நான்கு பேர்

தண்ணீரில் வருவது ஒட்டுண்ணியின் ஊசிஸ்ட் என்ற நிலை. 4 முதல் 6 மைக்ரான் குறுக்களவு. மனித இரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியது. பல அடுக்குள்ள கெட்டி உறை, உள்ளே சுருண்டு கிடக்கும் நான்கு ஸ்போரோசோயிட்டுகள், அதாவது குடல் செல்லைத் தொற்றும் வடிவங்கள். மலத்தோடு வெளியேறும் போதே அது தொற்றத் தயாராக இருக்கிறது. வெளியில் சில நாள் கிடந்து முதிர வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. குளிர்ந்த நீரில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குடிநீரில் போடும் குளோரின் அளவு அதைத் தொடுவதே இல்லை: ஒரு சோதனையில் லிட்டருக்கு 80 மில்லிகிராம் குளோரினில் ஒன்றரை மணி நேரம் ஊறவைத்த பிறகுதான் நூற்றில் தொண்ணூறு செயலிழந்தன. அந்தத் தண்ணீரை யாராலும் வாயில் வைக்க முடியாது. நீச்சல் குளங்களில் இந்த நோய் அடிக்கடி பரவுவதும் இதனால்தான். வெப்பத்துக்கு மட்டும் அது பணிந்துவிடும். தண்ணீர் ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும்.

நோய் வர எத்தனை வேண்டும்? 1995இல் வெளிவந்த ஒரு ஆய்வில், உடல்நலமுள்ள 29 தன்னார்வலர்களுக்குக் கன்றுகளிடமிருந்து எடுத்த ஊசிஸ்டுகளை எண்ணிக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குத் தொற்ற 132 போதுமானதாக இருந்தது. வெறும் 30 பெற்ற ஐவரில் ஒருவருக்குத் தொற்றியது. ஆயிரமும் அதற்கு மேலும் பெற்ற அனைவருக்கும் தொற்றியது. மனிதருக்கே பழகிய இனத்தைக் கொண்டு பிற்பாடு செய்த சோதனையில் எண்ணிக்கை இன்னும் குறைந்தது. மறுபக்கம், நோயாளி ஒருவர் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேற்றுகிறார். இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பெருந்தொற்றுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

குடலுக்குள்

விழுங்கப்பட்ட ஊசிஸ்டுக்கு உடல் வெப்பமும் வயிற்று அமிலமும் பித்த உப்புகளும்தான் கதவைத் திறக்கும் சமிக்ஞை. உறையில் ஒரு தையல்போன்ற பிளவு திறக்க, வாழைப்பழ வடிவ ஸ்போரோசோயிட்டுகள் நழுவி வருகின்றன. அவற்றுக்கு வாலும் இல்லை, இழையும் இல்லை. தங்கள் மேற்பரப்புப் புரதங்களால் குடல் செல்லைப் பற்றி, அந்தப் பிடியை உள்ளிருக்கும் தசைப் புரதங்களால் பின்னுக்கு இழுத்து, வழுக்கியே முன்னேறுகின்றன. சிறுகுடலின் பின்பகுதிதான் அவற்றுக்கு மிகவும் பிடித்த இடம்.

இந்த ஒட்டுண்ணியைப் பற்றி எனக்கு எப்போதும் அலுக்காத விஷயம் இனிமேல்தான். மலேரியா ஒட்டுண்ணி இரத்த அணுவுக்குள் புகுந்துவிடும். டாக்சோபிளாஸ்மா என்ற இன்னொரு ஒட்டுண்ணி செல்லின் நடுவில் போய் உட்காரும். அவற்றின் தூரத்து உறவான இது, மொட்டை மாடியில் கொட்டகை போட்டுக் குடியிருப்பவனைப் போல: வீட்டுக்குள்ளும் இல்லை, தெருவிலும் இல்லை. ஸ்போரோசோயிட் குடல் செல்லின் உச்சியைத் தொட்டதும், செல்லின் எலும்புச் சட்டமாக இருக்கும் ஆக்டின் இழைகள் அங்கே திரள்கின்றன. செல்லின் சவ்வு விளிம்பு விளிம்பாக எழும்பி ஒட்டுண்ணியைப் போர்த்துகிறது. செல்லின் சர்க்கரைக் கடத்தியும் நீர்க் கடத்தியும் அந்த இடத்துக்கு வரவழைக்கப்பட்டு, அங்கே செல் சற்று உப்புவதும் போர்த்துதலுக்கு உதவுகிறது. அதாவது போர்வையை நெய்வது செல்தான். நெய்யச் சொல்வது ஒட்டுண்ணி. முடிவில் அது செல்லின் சவ்வுக்குள் இருக்கிறது, ஆனால் செல்லின் உட்பொருளுக்கு வெளியே. அடியில் ஆக்டினால் ஆன ஒரு கெட்டித் தட்டு அதைச் செல்லிலிருந்து பிரிக்கிறது.

நுண்நோக்கியில் குடல் திசுவின் வெட்டுத் துண்டைப் பார்த்தால், செல்களின் மேல் விளிம்பில் நீல மணிகளை ஒட்டவைத்ததாகவே தோன்றும். நோயியலாளர்கள் ஆரம்பத்தில் இதை வெறும் மேற்பரப்பில் ஒட்டிய பொருள் என்று எண்ணியதும் உண்டு. எலெக்ட்ரான் நுண்நோக்கிதான் அந்த மெல்லிய போர்வையைக் காட்டியது.

அந்தத் தட்டுக்கு மேலே, மடிப்பு மடிப்பான சவ்வால் ஆன உணவூட்டும் உறுப்பு ஒன்று இருக்கிறது. செல்லின் சரக்கு அதன் வழியாகத்தான் மேலே போகிறது என்று கருதப்படுகிறது. ஒட்டுண்ணிக்கு அது தேவை. ஏனென்றால் சொந்தமாகச் சமைக்கும் வேலைகள் பலவற்றை இது கைவிட்டுவிட்டது. 2004இல் மரபணுத் தொகுப்பை முழுதாகப் படித்தபோது, அடிப்படை அமினோ அமிலங்களையும் டி.என்.ஏ.வுக்கு வேண்டிய பொருள்களையும் புதிதாகக் கட்டும் வழிகள் இல்லாதது தெரிந்தது. மைட்டோகாண்டிரியா ஒரு எச்சமாகச் சுருங்கிவிட்டிருந்தது. மலேரியா, டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணிகளிடம் இருக்கும் அபிகோபிளாஸ்ட் என்ற உறுப்பும் அடியோடு இல்லை. மருந்தைப் பற்றிப் பேசும்போது இந்த இல்லாமை முக்கியமாகும்.

குடியேறிய ஸ்போரோசோயிட் உருண்டு, வளர்ந்து, பிளந்து எட்டாகிறது. அந்த எட்டும் செல்லைக் கிழித்துக்கொண்டு வெளியேறி எட்டுப் புதிய செல்களைப் பிடிக்கின்றன. ஒரு சுற்றுக்கு அரை நாள் போதும். சமீபத்திய ஆய்வுகளின்படி இப்படி மூன்று சுற்றுகள் ஆனதும் அவை ஆண், பெண் வடிவங்களாக மாறிக் கூடுகின்றன; பிறப்பது மீண்டும் ஊசிஸ்ட். பெரும்பாலானவை கெட்டி உறையோடு வெளியேறி அடுத்தவரைத் தேடும். சில வெளியேறாமல் அதே குடலில் திறந்து, அதே ஆளைத் திரும்பவும் தொற்றும். குடலின் மேல்தோல் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து புதிதாகிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த அவசரத்தின் பொருள் விளங்கும். வீடு இடிவதற்குள் வேலையை முடித்துக் கிளம்பியாக வேண்டும்.

தண்ணீர் ஏன் தங்குவதில்லை

காலராக் கிருமியும் குடலுக்குள் ஊடுருவுவதில்லை. ஆனால் அது ஒரு நச்சைச் சுரந்து, செல்களின் உப்புக் குழாயைத் திறந்துவிடும். கிரிப்டோஸ்போரிடியத்திடமும் அப்படி ஒரு நச்சு இருக்கும் என்று நெடுநாள் தேடினார்கள். உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை. நுனியில் மட்டும் உட்கார்ந்திருக்கும் ஒன்று, நச்சும் இல்லாமல், ஒருவரை நாளுக்குப் பன்னிரண்டு முறை கழிப்பறைக்கு ஓடவைப்பது எப்படி? பதிலில் பாதிக்கு மேல் நம் குடலே தனக்குச் செய்துகொள்வது.

முதலில் பரப்பு குறைகிறது. ஒட்டுண்ணி அமர்ந்த இடத்தில் செல்லின் நுண்தூரிகை மயிர்கள் மறைகின்றன. அவை வெறும் அலங்காரம் அல்ல, லாக்டேஸ் போன்ற செரிமான நொதிகள் பதிந்திருக்கும் இடம். தொற்றிய செல்கள் வேகமாக உதிர, நீண்டு நிற்க வேண்டிய குடலுறிஞ்சிகள் குட்டையாகி மழுங்குகின்றன. இழப்பை ஈடுகட்ட, அவற்றின் அடியில் இருக்கும் குடற்குழிகள் ஆழமாகிப் புதுச் செல்களை அவசரமாகத் தள்ளுகின்றன. அங்கேதான் சிக்கல். முதிர்ந்த உறிஞ்சிச் செல்லின் வேலை உப்பையும் சர்க்கரையையும் உள்ளே இழுப்பது. கூடவே தண்ணீரும் வரும். குழியிலிருந்து வரும் முதிராத செல் இன்னும் அதைக் கற்கவில்லை. அது குளோரைடை வெளியே விடும் குணத்தோடு இருக்கிறது. இழுக்கும் பரப்பு சுருங்கி, விடும் பரப்பு பெருக, கணக்கு தலைகீழாகிறது.

அதன்மேல் அழற்சி. செல்லின் நுனியில் இப்படி ஒன்று உட்கார்ந்ததும், அந்தச் செல் எச்சரிக்கைக் குறிகளை அனுப்புகிறது. அடித்திசுவில் வெள்ளையணுக்கள் கூடுகின்றன. அங்கே உற்பத்தியாகும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்கள் இரண்டு வேலை செய்கின்றன: சோடியம் குளோரைடு உறிஞ்சப்படுவதை நிறுத்துகின்றன, குளோரைடு சுரப்பதைத் தூண்டுகின்றன. பன்றிக்குட்டிகளில் செய்த சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. தொற்றிய குடல் துண்டில் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைப் போட்டதும் உப்பு உறிஞ்சுதல் திரும்பியது. ஒட்டுண்ணி அப்படியே இருக்கிறது, உறிஞ்சுதல் மட்டும் மீள்கிறது என்றால், தடுப்பைப் போட்டது ஒட்டுண்ணி அல்ல என்றுதானே பொருள்?

செல்லும் செல்லும் சேரும் இடத்தில் இருக்கும் இறுக்கப் புரதங்களும் தளர்கின்றன. அந்த இடுக்கு வழியாகவும் நீர் கசிகிறது. லாக்டேஸ் குறைந்துபோனதால், குடிக்கும் பாலின் சர்க்கரை செரிக்காமல் பெருங்குடல் வரை போய், தன்னோடு தண்ணீரையும் இழுத்துப்போகிறது. நோய் விட்டபின்னும் சிலருக்குக் கொஞ்ச காலம் பால் ஒத்துக்கொள்ளாமல் போவது இதனால்தான்.

இத்தனை சேதத்திலும் குளுக்கோஸோடு சோடியத்தை இழுக்கும் வழி முழுக்க அடைபடுவதில்லை. வாய்வழி உப்புச் சர்க்கரைக் கரைசல் இந்த நோயிலும் உதவுவது அந்த மிச்சத்தை நம்பித்தான். பரப்பு குறைந்திருப்பதால் காலராவில் காட்டும் அதே வேகத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

உடலுக்கு உடல்

மில்வாக்கியில் ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்ட 285 நோயாளிகளை விசாரித்தார்கள். 93 சதவீதத்தினருக்கு நீர்போன்ற பேதி, 84 சதவீதத்தினருக்கு வயிற்றைப் பிசையும் வலி, 57 சதவீதத்தினருக்குக் காய்ச்சல், 48 சதவீதத்தினருக்கு வாந்தி. உச்சக்கட்ட நாளில் பேதியின் இடைநிலை எண்ணிக்கை 12. ஒருவர் 90 என்று சொன்னார். நோய் நீடித்த நாள்களின் இடைநிலை 9. பத்து பவுண்டு எடை இழந்தோம் என்றவர்கள் ஏராளம். இன்னொன்று: விட்டது என்று நினைத்து ஓரிரு நாள் நிம்மதியாக இருந்த பிறகு திரும்ப வந்தது என்றவர்கள் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர். அதே குடலுக்குள் ஊசிஸ்ட் திறந்து மறுசுற்றுத் தொடங்கும் உயிரியிடம் இது எதிர்பார்க்கக்கூடியதே.

எல்லோரும் மேற்கோள் காட்டும் 4,03,000 என்ற எண் தலையெண்ணிக்கை அல்ல. தொலைபேசியில் வீடு வீடாகக் கேட்டதில் 26 சதவீதம் பேர் நீர்போன்ற பேதி இருந்தது என்றார்கள். அதை நகரமும் சுற்றுவட்டமும் சேர்ந்த சுமார் 16 லட்சம் மக்கள்தொகையோடு பெருக்கி, எப்போதும் இருக்கும் சாதாரணப் பேதியைக் கழித்தால் வருவது அது. பரபரப்பான நேரத்தில் கேட்டால் யாருக்கும் வயிறு கொஞ்சம் கூடுதலாகவே வலித்திருக்கும் என்பதால், நான் அதை மேல்வரம்பாகவே வாசிப்பேன். ஆனால் மிகத் தாராளமாகக் குறைத்தாலும், அமெரிக்காவில் பதிவான குடிநீர்வழி நோய்ப் பரவல்களில் இதுதான் பெரியது.

பெரும்பாலானோர் மருந்தே இல்லாமல் மீண்டார்கள். மீட்பது டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள், குறிப்பாகச் சி.டி.4 வகை. தொற்றின் முதல் நாள்களில் குடலின் உள்ளார்ந்த பாதுகாப்புச் செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து ஒட்டுண்ணியின் பெருக்கத்தை மட்டுப்படுத்துகின்றன. சில நாள் கழித்துச் சி.டி.4 செல்கள் அதே ஆயுதத்தோடு வந்து வேலையை முடிக்கின்றன. தொற்றிய செல்கள் உதிர்ந்து, புதுச் செல்களில் குடியேற ஆளில்லாமல் போகும்போது உறிஞ்சிகள் மறுபடி நீள்கின்றன. மூன்று முதல் ஐந்து நாளில் தோல் மாற்றும் உறுப்பு என்பது இங்கே நோயாளிக்குச் சாதகம்.

அந்தச் செல்கள் இல்லாதவருக்கு அழற்சி ஒரு பக்கம் கிடக்க, ஒட்டுண்ணிக்கு நிறுத்தம் என்பதே இல்லை. எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததில், ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சி.டி.4 எண்ணிக்கை 180க்கு மேல் இருந்தவர்களுக்கு நோய் தானாக அடங்கியது. 50க்குக் கீழே போனவர்களில் காலராவைப் போல நாளுக்குப் பல லிட்டர் நீரை இழந்தவர்கள் உண்டு. பின்சிறுகுடலோடு நில்லாமல் ஒட்டுண்ணி மேலும் கீழும் பரவும். பித்தநாளத்துக்குள் ஏறிவிட்டால் நாளம் தடித்துச் சுருங்கி, வலதுபக்க மேல்வயிற்று வலியோடு பித்தம் தேங்கும். மருந்து எட்டாத ஒரு மறைவிடமாகவும் அது ஆகிவிடும்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய், ஒரே வாரம், ஒரே ஊசிஸ்ட். ஒருவர் ஒன்பது நாளில் வேலைக்குத் திரும்பினார், மற்றவர் மீளவில்லை. நோய்ப் பரவலுக்குப் பின் வந்த இரண்டு ஆண்டுகளில் அந்த மாவட்டத்தின் இறப்புச் சான்றிதழ்களில் கிரிப்டோஸ்போரிடியோசிஸ் குறிக்கப்பட்ட மரணங்கள் 54. வழக்கமாக எதிர்பார்த்திருக்கக்கூடியது 4. இறந்தவர்களில் 85 சதவீதத்தினருக்கு எய்ட்ஸ் இருந்தது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை வருவதற்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

மருந்து இருந்திருந்தால்? 1993இல் எதுவும் இல்லை. டாக்சோபிளாஸ்மா நோய்க்கு உதவும் சில மருந்துகள் குறிவைப்பது அபிகோபிளாஸ்டை. இதனிடம் அந்த உறுப்பே இல்லை. ஒட்டுண்ணி இருக்கும் இடமும் இடைஞ்சல்தான்: குடலில் கரைந்து போகும் மருந்து போர்வைக்குள் சேராது, இரத்தத்தின் வழி வரும் மருந்து அடித்தட்டைத் தாண்ட வேண்டும். 2002இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு நிடாசாக்ஸனைடு அனுமதிக்கப்பட்டது, பின்னர் பெரியவர்களுக்கும். எதிர்ப்பாற்றல் உள்ளவர்களுக்கு அது நோய் நாள்களைக் குறைக்கிறது. எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களுக்கு வெற்று மாத்திரையைவிட மேலாக ஒன்றும் செய்ததாக நிரூபணம் ஆகவில்லை. அவர்களுக்கு உண்மையில் வேலை செய்தது எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துதான். சி.டி.4 செல்கள் ஏறத் தொடங்கியதும் பேதி நின்றது.

ஒட்டுண்ணிக்கு இரையாவதற்கு எய்ட்ஸ் இருக்க வேண்டும் என்பதில்லை, வயது குறைவாக இருந்தாலே போதும். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் ஏழு இடங்களில் நடத்திய பெரிய ஆய்வொன்று 2013இல் வெளியானது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கடுமையான பேதிக்கு ரோட்டா வைரஸுக்கு அடுத்த காரணமாக அதில் வந்தது கிரிப்டோஸ்போரிடியம். ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ளவர்களில் அது இறப்போடும் தொடர்புகொண்டிருந்தது. ஊட்டக்குறைவுள்ள குழந்தையின் உறிஞ்சிகள் ஏற்கனவே குட்டை; அவை மேலும் மழுங்கும்போது உண்பதும் உடம்பில் சேர்வதில்லை. அதனால் எதிர்ப்பாற்றல் இறங்குகிறது, அடுத்த தொற்றுக்கு வழி திறக்கிறது. பேதியே இல்லாமல் ஒட்டுண்ணியை மட்டும் சுமக்கும் குழந்தைகளிலும் வளர்ச்சி பின்தங்குவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

மில்வாக்கி தன் தெற்கு உறிஞ்சுக் குழாயை ஏரிக்குள் இன்னும் சுமார் 4,200 அடி தள்ளிக்கொண்டு போனது. 1998இல் ஓசோன் சுத்திகரிப்பு வந்தது. ஒவ்வொரு வடிகட்டிக்கும் தனிக் கலங்கல்மானி. அதே ஆண்டில் நாடு முழுவதற்குமான கூட்டாட்சி விதியும் கிரிப்டோஸ்போரிடியத்தைப் பெயர் சொல்லிக் கணக்கில் எடுத்தது. குளோரினை ஏமாற்றும் அந்தக் கெட்டி உறை புறஊதாக் கதிரைத் தடுக்காது என்பது தொண்ணூறுகளின் இறுதியில்தான் தெளிவானது. கதிர் பட்ட ஊசிஸ்ட் சாவதில்லை, தோற்றமும் மாறுவதில்லை, டி.என்.ஏ. சேதமானதால் பெருக முடியாமல் போகிறது. உயிரோடு இருக்கிறதா என்று சாயம் பூசிப் பார்த்த முந்தைய சோதனைகள் கதிரைப் பயனற்றது என்று ஒதுக்கியிருந்தன. எலிக்குட்டிகளுக்குக் கொடுத்துத் தொற்றுகிறதா என்று பார்த்த பிறகே விடை மாறியது. இந்த நிகழ்வில் செலவான 9.62 கோடி டாலரில் மருத்துவச் செலவு மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் வேலைக்குப் போகாத நாள்களின் விலை.

ஊசிஸ்டுகள் ஏரிக்கு எங்கிருந்து வந்தன? அந்த ஆண்டு எல்லோரின் விரலும் கால்நடைகளை நோக்கியே நீண்டது. பனி உருகிய வெள்ளம் பண்ணைகளின் சாணத்தை ஆறுகளுக்கு அடித்துவந்திருக்கும், ஆறுகள் துறைமுகத்தில் கலக்க, அங்கிருந்து உறிஞ்சுக் குழாய்க்குப் போயிருக்கும் என்பது நம்பத்தகுந்த கதை. இறைச்சிக் கூடங்களும் சந்தேகப் பட்டியலில் இருந்தன, நகரின் கழிவுநீரும் இருந்தது. பரவலின்போது பாதுகாத்துவைத்த சில நோயாளிகளின் மாதிரிகளை மரபணு முறையில் வகைப்படுத்த சில ஆண்டுகள் கழித்து வசதி வந்தது. சோதித்தவற்றில் கன்றுகளிடம் காணும் வகை இல்லை. 2002இல் கிரிப்டோஸ்போரிடியம் ஹோமினிஸ் என்று தனி இனமாகப் பெயரிடப்பட்ட, பெரும்பாலும் மனிதக் குடலில் மட்டுமே வாழும் வகை அது. ஊரின் கழிவுநீர் ஏரிக்குப் போய், ஏரிநீர் திரும்ப ஊருக்கே வந்திருக்கிறது.